முகத்துவாரத்தில் கழன்ற கியர்

கலியபெருமாள் மாமா போய்விட்ட செய்தி வந்தபோது, படகு இன்ஜினுக்கு அவர் வாங்கிவரச் சொன்ன ஆயில் சீலுக்காகச் சிதம்பரத்தில் ஒரு கடை வாசலில் நின்றிருந்தேன். அக்காதான் பேசினாள். "நெஞ்சு வலிக்குதுன்னாரு. கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சிடா." கடைக்காரர் சீலை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

பரங்கிப்பேட்டைத் துறையில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய கோபமும் தெரியும். அக்காவின் கணவர் என்றாலும் எனக்கு அவர் தொழில் கூட்டாளி. சுனாமிக்குப் பிறகு எங்கள் இரு வீட்டுக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் படகும் சின்ன இன்ஜினும் கிடைத்தன. இன்ஜினை நான் ஓட்டுவேன், வலை அவர் பொறுப்பு, ரிப்பேரும் அவரே.

ஒருநாள் வெள்ளாற்று முகத்துவாரத்தில், அலை உடையும் இடத்திலேயே, கியர் தானாகக் கழன்றது. இன்ஜின் அலறியது, தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறி சுற்றவில்லை. படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. எப்படியோ துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். மீன் ஏலத்துக்குக் கூடியிருந்தவர்கள் முன்னால் மாமா என்னைப் பார்த்துக் கத்தினார்: "லீவர வெடுக்குன்னு போடுன்னா தடவிக் குடுக்கிற மச்சான்! கியர் பல்லு தேஞ்சே போச்சு!"

நான் அப்படி ஓட்டுகிறவன் அல்லன். ரோஷத்தில் படகை விட்டு விலகினேன். சில நாளில் அக்கா அழுதுகொண்டு வந்தாள். "லீவர கயித்தால இறுக்கிக் கட்டிகிட்டு ஒத்தையா போறாருடா." அப்படிக் கட்டினால் கியர் கழலாதுதான், ஆனால் விசிறியில் வலை சிக்கினால் சட்டென்று நியூட்ரலுக்கு வர முடியாதே. ஓடிப்போய்த் துறையில் சண்டை போட்டேன். மாமா கயிற்றை அவிழ்த்து எறிந்தார்.

அன்றே இன்ஜினின் அடிப்பாகத்தைக் கழற்றினார். பல்லெல்லாம் புதிதாகவே இருந்தது. முன்பு இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பை மாற்றியபோது, லீவரிலிருந்து இறங்கும் கம்பியைக் கீழ்க் கம்பியோடு சற்றுத் தள்ளிப் பூட்டியிருந்தார். அதனால் கியர் பாதிதான் விழுந்திருக்கிறது. பூட்டியது அவர் கைதான்.

மறுநாள் ஏலத்தை நிறுத்தச் சொன்னார். "நான் கத்துனது எல்லாருக்கும் கேட்டுச்சில்ல, இதுவும் கேக்கட்டும். தப்பு என்னுது. மச்சான் மேல ஒண்ணுமில்ல."

நான் படகுக்குத் திரும்பினேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் தன் கையையே நம்பவில்லை. தினமும் இன்ஜினைக் கிளப்புமுன் நான் லீவரைப் போட, அவர் தண்ணீரில் இறங்கி விசிறியைக் கையால் திருப்பிப் பார்ப்பார். அது அசையாவிட்டால் கியர் முழுதாக விழுந்துவிட்டது என்று அர்த்தம்; "புடிச்சிக்கிச்சு மச்சான்" என்பார். அப்புறம்தான் புறப்பாடு. "இன்ஜினுக்கு நாடி பாக்குறீங்களா மாமா?" என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "அன்னைக்குக் கவுந்திருந்தா உங்க அக்கா ரெண்டு பொணத்துக்கு அழுதிருப்பா." கடைசிவரை அந்தப் பயம் அவரை விடவில்லை. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

காரியம் முடிந்து முதல்முறை படகைத் தள்ளினேன். லீவரைப் போட்டுவிட்டு, பழக்கத்தில் அவர் குரலுக்குக் காத்திருந்தேன். பிறகு நானே தண்ணீரில் இறங்கி விசிறியைத் திருப்பினேன். அசையவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான்.

"புடிச்சிக்கிச்சு மாமா" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.