பூஜை போட்ட சிடி

சின்ன வயதில் ஓர் ஆயுத பூஜை அன்றைக்குத் திண்டிவனம் வீட்டில் மாமா, அக்கா, நான், மூன்றே பேர். இன்று நான் வேலை செய்யும் பட்டறையில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைக்கிறார்கள். அந்த வாசனைக்கே அந்த நாள் நினைவுக்கு வருகிறது.

அன்று பூஜை முடிந்ததும் மாமா, அக்காவின் கல்யாண சிடியைக் கம்ப்யூட்டரில் காப்பி போட்டார். காப்பி எடுக்க வாங்கிய மூன்று புது சிடியும் பாதியில் நின்று கெட்டுப்போயின.

"பக்கத்துல ஆடிக்கினே இருந்தா எப்படிடா ஓடும்? கெடுத்தவன் நீதான், காசு குடு!"

மூச்சை அடக்கிக்கொண்டுதானே நின்றேன்! என் உண்டியலை உடைத்து, சிடிக்கு இருபது ரூபாய் என்று எடுத்தே விட்டார்.

அக்கா கல்யாண சிடியைத் திருப்பினாள். "மாமா, பளபளன்னு இருக்கிற பக்கத்துல பூஜையில நீங்க வச்ச சந்தனப் பொட்டு!"

துடைத்துப் போட்டதும் ஓடியது.

"சாமிக்கு வச்சது, அதுக்கின்னா இப்ப?" என்றார் மாமா.

எனக்கு இன்னும் வரவேண்டியது அறுபது ரூபாய்.