எந்த ஊர் ஆஸ்பத்திரி?

நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் சென்னையில். மருத்துவக் காப்பீடு எடுத்தபோது ஏஜென்ட், "எந்த ஊரு ஆஸ்பத்திரி உங்களுக்கு வசதிம்மா?" என்று கேட்டார்.

"சென்னைதான். முடியலைன்னா பையன் வந்து கூட்டிட்டுப் போயிடுவான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

சம்பா நடவு பார்க்கப் போன அன்று வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நடவுக்கு வந்திருந்த செல்விதான் ஆம்புலன்சில் என்னைத் திருவாரூருக்குக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இருந்த பெண் காப்பீட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது இங்க செல்லாதுங்கம்மா. சென்னை ஆஸ்பத்திரிங்கதான் இதுல இருக்கு."

மகனுக்குப் போன் செய்தேன். "இங்க வந்துடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றான்.

"கூட்டிட்டுப் போக வர்றியாடா?"

"லீவு கிடைக்காதும்மா."

வளையல்களை அடகு வைத்து அங்கேயே ஆபரேஷன் செய்துகொண்டேன்.

இந்த வருடம் காப்பீட்டைப் புதுப்பிக்கும் முன், ஊன்றுகோலோடு பஸ் ஏறி திருவாரூர், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிகளில் எந்தக் காப்பீடு செல்லும் என்று நானே விசாரித்தேன். பிறகுதான் வேறு காப்பீட்டுக்கு மாறினேன். என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளைகள் இருக்கும் ஊரை நினைத்து எடுக்காதீர்கள். விழுந்தால் நீங்கள் எங்கே கிடப்பீர்கள் என்று நினைத்து எடுங்கள்.

புதுப் படிவத்தில், "அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்மா?" என்று கேட்டார் ஏஜென்ட். மகன் பெயர் வாய் வரைக்கும் வந்தது.

செல்வியின் நம்பரைக் கொடுத்தேன்.