நஞ்சப்பன் விழுங்கிய களி

“உள்ள போங்க, உள்ள போங்க! முன்னால பந்தியே போடலாம், அவ்ளோ எடம் கெடக்குது!”

அரூரிலிருந்து மொரப்பூர் போகும் டவுன் பஸ்ஸில் ஒரு காலை ஊன்ற இடமில்லாமல் ஜனம் திணறும்போதுதான் கண்டக்டர் நஞ்சப்பன் இப்படிக் கூவுவார். கூவிக்கொண்டே உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆட்களுக்கு நடுவே நுழைவார். வேடிக்கை என்னவென்றால், எக்குவதற்கு இப்போது அங்கே வயிறே இல்லை. இரண்டு நஞ்சப்பன் தாராளமாகப் போகக்கூடிய சந்தில், பழைய உடம்பு இன்னும் இருக்கிற நினைப்பில், ஒரு நஞ்சப்பன் அத்தனை பாடுபடுகிறார்.

முன்பெல்லாம் அவர் நடந்து டிக்கெட் போட்டதே கிடையாது. பின்படிக்கட்டை ஒட்டி நின்றுவிடுவார். காசு கைமாறிக் கைமாறி அவரிடம் வரும், டிக்கெட் அதே வழியில் திரும்பிப் போகும். “அண்ணன் எறங்குனாத்தான் வண்டி நிமுருது” என்று டிரைவர் மாதவராஜ் கேலி செய்வார். நஞ்சப்பனும் சேர்ந்து சிரிப்பார். சர்க்கரை ஏறி, முட்டி தேய்ந்து, சொந்த வண்டிப் படியில் ஏறவே இன்னொருத்தர் கைகொடுக்க வேண்டி வந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

சேலத்தில் உடம்பு இளைக்க ஆபரேஷன் செய்தார்கள். இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் கனத்துக்குக் குழாய் மாதிரி விட்டுவைத்தார்கள். மாதம் போகப் போக ஆள் பாதியானார். பேன்ட்டைத் தையல்காரர் பிடித்துப் பிடித்துத் தைத்ததில் பின்பக்கப் பைகள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. புதுசு தைக்கச் சொன்னால் கேட்க மாட்டார். “இன்னும் எவ்ளோ எளைப்பனோ, யாருக்குத் தெரியும்?” என்பார்.

மனிதர் கண்டதையும் தின்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். பரோட்டாவையும் மிக்சரையும் விடச் சொன்னார்கள், விட்டார். டீயில் சர்க்கரையை விட்டார். அதற்கெல்லாம் அவர் ஒரு நாளும் ஏங்கியதில்லை. அவருக்கு உயிர் ராகிக்களிதான். மத்தியானம் மொரப்பூரில் வண்டி நிற்கும் நேரத்தில், ரயிலடிக்குப் போகிற வழியில் இருக்கும் களிக்கடையில் அவரும் மாதவராஜும் எதிரெதிரே உட்காருவார்கள். ஆவி பறக்கும் உருண்டையைப் பிட்டு, விரலில் உருட்டி, கொள்ளுச்சாற்றில் முக்கி வாயில் போட்டால் அது பல்லில் படாமல் தொண்டையில் இறங்கவேண்டும். அந்தச் சூடு நெஞ்சுக்குழி வரைக்கும் போவது தெரியவேண்டும். நஞ்சப்பனுக்குச் சாப்பாடு என்றால் அதுதான். மற்றதெல்லாம் பசிக்குத் தின்பது.

ஆபரேஷன் முடிந்து முதலில் தண்ணியாகாரம், பிறகு கூழ், பிறகு மெத்தென்ற சாப்பாடு என்று படிப்படியாக விட்டார்கள். “மெத்துனு இருக்கறதைச் சாப்புடலாம்” என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் நஞ்சப்பன் மனைவியைப் பார்த்தார். ராமக்காள் அன்றைக்கே அடுப்பில் உலை வைத்துவிட்டார். களியை விட மெத்தென்று உலகத்தில் என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்!

அன்றிலிருந்து பிடித்தது சனி. நாலு வாய் போனதும் நெஞ்சில் கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. வாயில் நுரை நுரையாக எச்சில். வாந்தி எடுத்தால்தான் வலி விடும். ஓடுகிற வண்டியில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாதவராஜ் பயணிகளோடு வண்டியை நேரே அரூர் ஆஸ்பத்திரிக்கே விட்டார். இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். சேலத்தில் வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். மருந்து தங்குதடையில்லாமல் இறங்கியது. வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். தையல் ஆறியிருக்கிறது, வழி எங்கும் சுருங்கவில்லை. “மென்னு சாப்புடறீங்களா?” என்று போன இடமெல்லாம் கேட்டார்கள். “மென்னுதானுங்க சாப்புடறன்” என்றார் நஞ்சப்பன். பொய்யில்லை. இட்லியை அவர் மெல்லுகிற மெல்லில் எதிரில் இருப்பவருக்குத் தாடை வலிக்கும்.

கடைசியில் கலைமதி என்கிற டாக்டரம்மா, நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், ஒரு காரியம் செய்தார். “வெறும் வயித்துல பார்த்தா வழி காலியாத்தானே இருக்கும்? நீங்க எப்பவும் சாப்பிடறதைக் கொண்டுவந்து என் முன்னாடி சாப்பிடுங்க” என்றார். மறுதடவை ராமக்காள் தூக்குப்போசியில் களியும் சாறுமாகப் போனார். நஞ்சப்பன் பிட்டார், உருட்டினார், முக்கினார், விழுங்கினார். டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மெல்லவே இல்லையே?”

“களிங்க, டாக்டர்.”

“சரி, அதனால?”

நஞ்சப்பனுக்குக் கேள்வியே புரியவில்லை. “களியைப் போய் யாருங்க மெல்லுவாங்க?”

“பல்லுல பட்டா அப்பிக்குமுங்க” என்று ராமக்காள் எடுத்துக் கொடுத்தார்.

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தே விட்டார். அதற்குள் நஞ்சப்பனுக்கு வலி வந்துவிட்டது, சிரிப்பு அடங்கியது. வாந்தி எடுத்ததில் உருண்டை உருண்டையாகவே வந்து விழுந்தது. வயிறு இப்போது குறுகின குழாய், முழு உருண்டை வாசலிலேயே நின்றுவிடுகிறது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கூழாகக் குடிக்கலாம். களிதான் வேண்டுமென்றால் சுண்டைக்காய் அளவு எடுத்து, மாவாக மென்று விழுங்கலாம். மறுபடி அடைத்தால் கருவி விட்டுத்தான் எடுக்கவேண்டி வரும் என்றும் சொல்லிவைத்தார்.

நோய் தெரிந்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதானே? “மென்னு தின்னா அது களி இல்ல ராமக்கா, ஈர மாவு” என்று வீடு திரும்பியதும் வாசலிலேயே சொன்னார் நஞ்சப்பன். களிக்கடைக்கு இன்றும் போகிறார். மாதவராஜுக்கு எதிரே தம்ளரில் கூழை வைத்துக்கொண்டு உட்காருகிறார். மாதவராஜ் விழுங்கும்போது அவருடைய தொண்டை தன்னால் ஏறி இறங்குகிறது. “அண்ணா, அப்படிப் பாக்காத, எனக்கு எறங்க மாட்டீங்குது” என்று மாதவராஜ் தட்டோடு திரும்பி உட்கார்ந்துகொள்வார். “உனுக்கு எறங்குது சாமி, உனுக்கென்ன!” என்பார் நஞ்சப்பன். முட்டிவலி போனது, சர்க்கரை இறங்கியது, எல்லாம் நல்லதுதான். கேட்டால் அவரே சொல்வார். ஆனால் ஒரு வாய்க் களி சுடச்சுட நெஞ்சில் இறங்குகிற அந்தச் சுகத்தை நினைத்தால் அவருக்குக் கண் கலங்கிவிடுகிறது. இதற்கெல்லாமா ஒரு ஆம்பளை அழுவான் என்று அவரே தன்னைத் திட்டிக்கொள்வார்.

ராமக்காள் வீட்டில் களி கிண்டுவதையே விட்டுவிட்டார். நஞ்சப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் விழுங்க முடியவில்லை. போன வாரம் விடுப்பு நாளில் நஞ்சப்பனே கேட்டார்.

“வூட்ல மாவு இருக்குதா?”

“மெல்லுவீங்களா?”

“மெல்றன்.”

“எம்மேல ஆணையா?”

“அட, மெல்றன்னு சொல்றனல்ல!”

கிண்டி இறக்கி, ஒரு நெல்லிக்காய் அளவு அவர் தட்டில் வைத்துவிட்டு ராமக்காள் எதிரிலேயே உட்கார்ந்தார். நஞ்சப்பன் சுண்டைக்காயாகக் கிள்ளி மென்றார். மறுபடி கிள்ளி மென்றார். பல்லில் அப்பியதை நாக்கால் வழித்துக்கொண்டார். முகத்தில் ஒரு ருசியும் தெரியவில்லை. கடைசித் துணுக்கு மட்டும் தட்டில் இருந்தது. அதை எடுத்து விரலில் உருட்டினார். சாற்றில் முக்கினார். ராமக்காளை ஒரு பார்வை பார்த்தார். ராமக்காள் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நஞ்சப்பன் அதை வாயில் போட்டு, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி விழுங்கினார். தொண்டைக்குழியில் ஒரு விரலை வைத்தார். அந்த விரல் நெஞ்சில் மெல்ல மெல்லக் கீழே நகர்ந்தது.