பெருமாள் அண்ணனின் ஒரு புள்ளி

போன ஞாயிற்றுக்கிழமை, கொடகவெலயில் என் கடையில் ஒரு கைபேசியைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது அணித் தோழன் சுனில் அழைத்தான். "பெருமாள் அய்யா நெதி உனா" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அழுதான். கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெருமாள் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அணியின் ஒரு புள்ளிக்காரர் அவர்.

பழகியவர்களுக்கு அவர் வாய் தெரியும். நிழல்மரக் கிளை வெட்ட ஏறி விழுந்ததில் நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை; வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்த என்னை, "நீயெல்லாம் வேஷம் போட்டுக்கிட்டு வந்தவன்டா" என்பார்.

ஒரு போட்டி நாளில், ஆட்டத்துக்கு முன்னால் எங்களுக்குப் புள்ளி போட எம்பிலிப்பிட்டியவுக்கு ஒரு மிஸ் வந்தார். எனக்கு எதையும் நோண்டிக் கேட்கிற புத்தி. "நல்லா வெளையாடுறவங்களுக்குக் கூடுதல் புள்ளியா மிஸ்?" என்றேன். "இல்லீங்க. கூடையில விழுதான்னு நான் பாக்குறதே இல்ல. இடுப்பத்தான் பாக்குறேன்" என்றார். நாற்காலியைப் பிடிக்காமல் குனிந்து நிமிர முடிகிறதா, உடம்பைத் திருப்ப முடிகிறதா, பக்கத்தில் சாய்ந்துவிட்டுத் திரும்பி வர முடிகிறதா என்பதுதான் சங்கதி. அசைவு மிகக் குறைந்தவருக்கு ஒன்று. எல்லாப் பக்கமும் சாய்கிற எனக்கு நாலரை. களத்திலிருக்கும் ஐந்து பேரின் கூட்டு பதினான்கைத் தாண்டக்கூடாது. அண்ணனுக்கு ஒன்று விழுந்தால் எங்களுக்குச் சரியாகப் பதினான்கு. அரைப் புள்ளி கூடினாலும் எங்களில் ஒருவர் வெளியே உட்காரவேண்டும்.

அண்ணனுக்கு இது ஏறவில்லை. தோட்டத்தில் முழு வேலைக்கு முழுப் பேர் போட்டு முழு நாள் கூலி, பறித்த கொழுந்து குறைந்தால் அரைப் பேர் போட்டுப் பாதிக் கூலி என்றே வளர்ந்தவர். குறைந்த புள்ளி என்றால் குறைந்த ஆள் என்று நினைத்துவிட்டார். மிஸ்ஸின் கண்முன்னால் தரையில் கிடந்த பந்தை எடுக்கக் குனிந்தார். உடம்பு அப்படியே மடியில் சரிந்தது. தொடையில் கையை ஊன்றித்தான் நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். அரைப் புள்ளி கூடிவிடுமோ என்று நாங்கள் பார்த்தோம்.

"போதுங்க அண்ணே" என்றார் மிஸ்.

"இருங்க மிஸ், இன்னும் கொஞ்சம் வரும்."

ஒன்று என்று சொன்னதும் அவர் முகம் செத்துப்போனது. "அரைப் பேரு போட்டுட்டாங்கடா" என்றார். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, நீங்க ஒன்னுல இருக்கிறதாலதான் நாலரைக்காரன் நான் உள்ள வர முடியுது."

நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "அப்ப நான் வரலேன்னா நீ வெளியவா?"

"ஆமாங்க."

அன்றைய ஆட்டம் முழுக்க எதிரணிக்காரர்களின் வழியில் தன் நாற்காலியைக் குறுக்கே போட்டு எனக்கு இடம் பிடித்துத் தந்தார். நான் பந்தைக் கூடையில் போட்ட போதெல்லாம், "எனக்கும் சேர்த்து முழுப் பேரு போடு!" என்று கத்தினார். பந்து அவர் கைக்கு வந்ததே அபூர்வம். அதைப் பற்றி அவர் கவலைப்படவேயில்லை.

ஒரு மனிதருடைய உடம்பின் அசைவு எங்கே முடிகிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். மிஸ் சரியாகத்தான் சொன்னார். ஆனாலும் "இன்னும் கொஞ்சம் வரும்" என்ற அந்தப் பேச்சை நான் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.

நேற்றுப் பயிற்சிக்குப் போனோம். அண்ணன் இடத்துக்கு வந்தவருக்கு இரண்டு புள்ளி. கூட்டிப் பார்த்தோம், பதினைந்து. நான் நாற்காலியைக் கோட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.