ஆறாட்டு நாளில் இறங்காத விமானம்

பிரணவ் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும் நடுவிலுள்ள தூரத்தையும் பயண நேரத்தையும் காகிதத்தில் போட்டுக் கொடுத்துவிடுவான். மலையாளத் தலைநகரின் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வீடு, அங்கேயே ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. நவீன கவிதை வாசிப்பான். ஆள் முகம் பார்த்துப் பேசக் கூச்சம். அட்சரேகையோடு பேசுவதில் அந்தச் சங்கடமெல்லாம் இல்லை.

அலுவலகத்துக்கு எதிர் மெஸ்ஸில் தோசை சுடுகிறவள் முத்தாரம்மாள், வள்ளியூர்க்காரி. மூன்று வருஷம் கழித்து அவள் மகன் அஜின் ஆக்லாந்திலிருந்து வருகிறான்.

"வெளிய வரும்போது மொதல்ல எம் மொகத்தத்தான் பாக்கணும் தம்பி. மொதலாளி லீவு தாராரு. மூணுலேருந்து ஏழு, இல்லன்னா ஏழுக்கு மேல. ரெண்டுல ஒண்ணுதான். இவன் என்னடான்னா ராத்திரி ஒம்பதே முக்கால்னு அனுப்பிருக்கான்."

பிரணவ் பேனாவை எடுத்தான். மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், நேர வித்தியாசம் ஏழரை மணி. சிங்கப்பூரில் மாறி, நம் நேரம் பகல் பன்னிரண்டே ஐம்பதுக்கு ஏறுகிறான். அங்கிருந்து மூவாயிரத்து நூறு, நாலு மணி நேரம். விமானம் நாலே ஐம்பதுக்கு இறங்கியாக வேண்டும்.

"மூவாயிரத்து நூறுக்கு ஒன்பது மணி நேரமா? உங்க மகன் தப்பா எழுதிட்டான்க்கா. மூணு மணிக்கே லீவு போடுங்க."

துணைக்குத் தானும் வருவதாகச் சொன்னான். கணக்கு பலிக்கிற இடத்தில் நிற்க ஆசை.

அஜின் வருகிற நாள் காலையில் அப்பாவின் வேஷ்டியை மடித்துக் கொடுத்தது அவன்தான். "ரன்வே தார் இன்னிக்கி காலச் சுடும்டா" என்றார் அப்பா. "மழ வந்தா தேவல" என்றான் பிரணவ். அதற்கு மேல் அவன் மூளை ஓர் அடிகூட நகரவில்லை.

நாலரைக்கு விமான நிலையத்தில் காவலர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தா சாரே, இந்நாட்டுக்காரன் அல்லே? இன்னு ஆறாட்டு. நாலு முதல் ஒம்பது வரெ ஃபிளைட் இல்ல."

சங்குமுகம் கடற்கரைக்குக் கோயில் சாமி நீராடப் போகும் ஊர்வலம் ஓடுபாதை வழியாகத்தான் போகும். அதற்காக வருஷத்தில் இரண்டு நாள் விமானங்கள் நிற்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிறான். இந்நேரம் அப்பா வெறுங்காலோடு அங்கேதான் நடந்துகொண்டிருப்பார். அஜினின் விமானம் வழியில் வேறோர் ஊரில் இறங்கி, ஒன்பது மணிக்காகக் காத்திருக்கிறது. ஆக்லாந்திலிருந்து வருகிற பையனுக்குத் தெரிந்தது, அக்ரஹாரத்துப் பையனுக்குத் தெரியவில்லை.

முத்தாரம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஏழு மணிக்கு நான் கல்லுக்கு முன்னால நிக்கணும் தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

"நீங்க இங்கயே இருங்கக்கா. நான் போய் நிக்கறேன்."

"ஒங்களுக்கு தோச சுடத் தெரியுமா?"

"தெரியாது."

மெஸ் முதலாளி ஞானசிகாமணி அவனைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் கரண்டியைக் கொடுத்தார். முதல் தோசை நியூசிலாந்து மாதிரி இரண்டு துண்டாக வந்தது. "சேட்டா, ஒரு தோசை எத்தர மணிக்கூரில் எத்தும்?" என்று கேட்டது ஒரு மேஜை. தோசை வந்து சேர எத்தனை மணி நேரமாம். அந்தக் கணக்கும் கைவசம் இல்லை.

மறுநாள் மத்தியானம் முத்தாரம்மாள் மகனோடு அவன் அலுவலகத்தில் வந்து நின்றாள்.

"கதவு தொறந்ததும் அம்மதான்ணே" என்றான் அஜின். பிரணவின் விரல் கொப்புளங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "நீங்க தூரமெல்லாம் கணக்குப் போடுவீங்களாமே. திரும்பிப் போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான்.

பிரணவ் பேனாவைத் தொட்டான். பிறகு கையை எடுத்துக்கொண்டான்.

"டிக்கெட்ல என்ன போட்டிருக்கு?"