மாடிக்கு வந்த பன்னிரண்டு சதவீதம்

அந்த வீட்டில் கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். அண்ணன் மனைவியைப் பெரியவள் என்றும் தம்பி மனைவியைச் சின்னவள் என்றும் சொந்தக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே இருவருக்கும் பெயராகிப்போனது. பெரியவளுக்கு ஆபீசில் இன்னொரு பெயரும் உண்டு: பூதக்கண்ணாடி. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், இழப்பீடு கேட்டு வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேஜையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். பாலிசியின் கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருக்கும் விதிகளை அவளைப்போல் படிக்க அங்கே ஆளில்லை. மேலதிகாரியே கையெழுத்துப் போடுமுன், "பூதக்கண்ணாடி பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார்.

பெருமை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான்கு வருஷமாக அவள் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

எல்லாம் ஒரு குழாயில் ஆரம்பித்தது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. பிளம்பர் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று மூன்று நாள் இழுத்தடித்தார். பெரியவள் தானே குழாயைக் கழற்றி, தேய்ந்துபோன வாஷரைக் கடைக்கு எடுத்துப்போய், அதே அளவில் ஒன்று வாங்கி வந்து மாட்டினாள். சொட்டு நின்றது. அந்த ருசி அவளை விடவில்லை. கக்கூஸ் தொட்டி, அலமாரிக் கீல், சாத்தாத ஜன்னல் கொண்டி என்று வீட்டில் ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. செய்ததையெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, படம் வரைந்து, அளவு குறித்து, அழகாக எழுதியும் வைத்தாள். மாதத்துக்கு நாற்பது பேர் வந்து படித்தார்கள். அந்த நாற்பதில் தானும் ஒருவன் என்று அவள் வீட்டுக்காரர் ஒரு தடவை பெருமையாகச் சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிறகு ஒருநாள் மாடியில் குளியலறைக் குழாய் ஒழுகியது. பெரியவள்தான் போய்ச் சரிசெய்தாள். சின்னவள் ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் போனுமாக நின்றாள்.

"அக்கா, நீங்க செய்றத வீடியோ எடுத்து வச்சுக்கறேன். அடுத்த தடவை நானே பாத்துப்பேன், உங்களக் கஷ்டப்படுத்த மாட்டேன்."

சொன்னபடியே அடுத்த தடவை தானே செய்தாள். அதை வீடியோவாக எடுத்து ஊருக்கே போட்டாள். நடுவில் ஸ்பேனர் கைநழுவி அவள் கால் கட்டைவிரலில் விழ, "ஐயய்யோ!" என்று ஒரு காலில் குதித்தாளே, அதையும் வெட்டாமல் விட்டிருந்தாள். ஜனங்களுக்கு அதுதான் பிடித்துப்போனது. நான்கு வருஷத்தில் அவள் வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் தொண்ணூறாயிரம் பேர்.

பெரியவள் ஒன்றுவிடாமல் பார்த்தாள். பாராட்ட இல்லை, தப்புப் பிடிக்க. இந்த மரையை இப்படியா திருகுவார்கள், இந்த இடத்தில் டேப் சுற்ற வேண்டாமா என்று திரையைப் பார்த்துத் தனியாகப் பேசிக்கொண்டாள். மாடிப்படியில் இருவரும் எதிர்ப்பட்டால், "வீடியோ நல்லாருந்துச்சு" என்று வாய் சொல்லும். நல்லாருந்துச்சு என்கிற அந்த ஒரு சொல்லை வெளியே கொண்டுவருவதற்குள் போதும்போதும் என்றாகிவிடும்.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னவள் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தாள். பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு டூல்ஸ் கம்பெனியிலேர்ந்து கூப்பிட்டிருக்காங்க. அஃபிலியேட் ஆகச் சொல்றாங்க. வீடியோ கீழ அவங்க லிங்க்கைப் போடணுமாம். அத அமுக்கி யாராச்சும் டிரில்லோ ஸ்பேனரோ வாங்குனா எனக்குக் கமிஷனாம். பதினோரு பக்கம் என்னென்னமோ எழுதியிருக்கான். எனக்கு ஒரு மண்ணும் புரியல. நீங்க பாத்து, சேரலாமா வேண்டாமான்னு சொல்லுங்க. நீங்க சொன்னா சரி."

"உன் வீட்டுக்காரரு என்ன சொல்றாரு?" என்று தன் கொழுந்தனைப் பற்றிக் கேட்டாள் பெரியவள்.

"அவரா? அவரு கமிஷன் எவ்வளவுன்னு மட்டும் பாத்துட்டு, சேருன்னுட்டாரு."

சின்னவள் அழைப்பை அப்படியே அவள் போனுக்கு அனுப்பிவிட்டு மேலே போனாள். பெரியவள் துணியை ஒதுக்கிவைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தாள். எங்கே குழி வெட்டியிருக்கிறான் என்று தேடித்தான் படித்தாள். இருக்கவேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

குழி இல்லை. பன்னிரண்டு சதவீதம் கமிஷன். இன்று லிங்க்கைத் தொட்டவர் அறுபது நாளுக்குள் எப்போது வாங்கினாலும் கணக்கில் சேரும். ஒரே நாள்தான் கெடு கொடுக்கிற கம்பெனிகளும் உண்டு என்று அவள் எங்கேயோ படித்திருந்தாள். பணம் மாதாமாதம். வேறு கம்பெனிப் பொருளைக் காட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு இல்லை. விதியை மாற்றினால் ஒரு மாதம் முன்னால் எழுதிச் சொல்வார்கள். யார் விலகினாலும் அதுவரை சேர்ந்த கமிஷன் கைக்கு வந்துவிடும். வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் கமிஷன் கழியும், அது நியாயம்தானே. லிங்க்குக்குக் காசு வருகிறது என்று பார்ப்பவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும், அதுவும் நியாயம்.

பத்தொன்பது வருஷத்தில் இத்தனை நேர்மையான ஒப்பந்தத்தை அவள் பார்த்ததில்லை. அவள் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல புத்தியோடு, மாடியில் இருப்பவளுக்காகவே எழுதிக் கொடுத்தது மாதிரி இருந்தது. நான் போட்ட வாஷர், நான் பிடித்த ஸ்பேனர், இவளுக்குப் பன்னிரண்டு சதவீதமா என்று உள்ளே ஒரு குரல் விடாமல் கத்தியது.

சாயங்காலம் சின்னவள் வந்து வாசலில் நின்று, "என்னக்கா, பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன். வேண்டாம்."

"ஏங்க்கா?"

"பொருளத் திருப்பிக் குடுத்துட்டா உன் காசப் புடுங்கிடுவான். எப்ப வேணா உன்னக் கழட்டி விட்டுருவான். விதிய மாத்திக்குவேன்னு அவனே எழுதி வச்சிருக்கான். காசு வாங்கிட்டுப் பேசறேன்னு நீயே எல்லார்கிட்டயும் சொல்லணுமாம். சொன்னா யாரு உன்ன நம்புவாங்க?"

ஒவ்வொன்றும் அந்தப் பதினோரு பக்கத்தில் இருந்ததுதான். பாதியைச் சொல்லி மீதியை மென்று விழுங்கினாள், அவ்வளவுதான். சின்னவள் முகம் தொங்கிப்போயிற்று.

"நல்லவேளை, உங்களக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

அந்த 'நல்லவேளை' பெரியவளை இரண்டு நாள் முள்ளாகக் குத்தியது. மூன்றாம் நாள் குத்தல் மரத்துப்போனது. அவள்தான் வேண்டாம் என்றுவிட்டாளே, சும்மா கிடக்கிற இடத்தில் நான் சேர்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது. ஆபீசில் மதிய இடைவேளையில், அந்த அழைப்பிலிருந்தே உள்ளே போய்த் தன் பக்கத்தின் பெயரைக் கொடுத்து விண்ணப்பம் போட்டாள். எப்போதும் தண்ணீர் குடிக்கும் டம்ளரை அன்று மேஜையிலேயே கவிழ்த்துவிட்டாள்.

நான்கு நாளில் பதில் வந்தது. மாதம் ஐயாயிரம் பேராவது வருகிற பக்கங்களை மட்டுமே சேர்ப்பதாகவும், ஆர்வத்துக்கு நன்றி என்றும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். பெரியவள் அந்தப் பதினோரு பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தின் நடுவிலேயே, எல்லோருக்கும் தெரிகிற எழுத்தில், அந்த நிபந்தனை இருந்தது. குழி தேடிப் படித்த பூதக்கண்ணாடி அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டு போயிருக்கிறது.

போகட்டும், யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்தாள். சனிக்கிழமை காலை சின்னவள் வந்தாள். இந்தத் தடவை தடதடப்பு இல்லை. ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். போனை நீட்டினாள்.

"படிங்க."

கம்பெனி சின்னவளுக்கு எழுதியிருந்தது. உங்களுக்கு அனுப்பிய அழைப்பின் வழியாக ஒருவர் விண்ணப்பித்திருந்தார், அவருக்குத் தகுதி போதவில்லை, உங்களுக்கான இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. கீழே பெரியவளின் பக்கத்தின் பெயர்.

"எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டு நீங்க சேரப் பாத்தீங்களாக்கா?"

"இல்ல... எப்படி இருக்குன்னு சும்மா போட்டுப் பாத்தேன்."

"யாருக்காக?"

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர், பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர், இந்த நேரத்தில் இங்கே இருப்பது உசிதமல்ல என்று குறித்துக்கொண்டு செருப்பைத் தேடிப் போனார்.

"அந்த ஒப்பந்தம் நல்லதா, கெட்டதா? அத மட்டும் சொல்லுங்க."

"நல்லது" என்றாள் பெரியவள். "ரொம்ப நல்லது. நான் பாத்ததுலயே நல்லது."

"அப்புறம் ஏன்?"

"வயித்தெரிச்சல். வேறென்ன சொல்ல?"

"என்மேலயா? எனக்குக் குழாயக் கழட்டக் கத்துக் குடுத்ததே நீங்கதான?"

"அதனாலதான்."

சின்னவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "நான் உங்கள எவ்வளவு பெருசா நெனச்சேன் தெரியுமா?" என்று மட்டும் சொன்னாள். அன்று மத்தியானமே சேர்ந்துவிட்டாள்.

அதன்பிறகு மூன்று வாரம் பேச்சு இல்லை. மொட்டைமாடிக் கொடியில் இரண்டு வீட்டுத் துணியும் கலந்து காய்ந்தது போய், நடுவில் இரண்டடி இடைவெளி விழுந்தது. தண்ணீர் மோட்டார் போட வேண்டுமென்றால் அண்ணன் தம்பிக்குப் போன் போட்டான். தம்பி மேலேயிருந்து மனைவியிடம் கேட்டு அண்ணனுக்குச் சொன்னான். அந்த மாதக் கடைசியில் வந்த முதல் கமிஷனில் மாடிக்குப் புதிதாக ஒரு டிரில் வந்தது. அது சுவரைக் குடைகிற சத்தம் கீழே கேட்கும்போதெல்லாம் பெரியவள் வேலையை நிறுத்திவிட்டு அது ஓய்கிறவரை நிற்பாள். சத்தத்திலிருந்தே தெரிந்தது, நல்ல டிரில்.

வெட்கமும் எரிச்சலும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று அவள் எதிர்பார்த்தாள். இரண்டும் அதனதன் இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

நான்காவது வாரம் சின்னவள் கையில் அச்சடித்த தாள்களோடு வந்தாள். கூடவே ஒரு வெற்றுத் தாளும் பேனாவும். மேஜையில் வைத்தாள்.

"இன்னொரு கம்பெனி கூப்பிடுது. இருபத்தஞ்சு சதவீதம். வாயால எதுவும் சொல்ல வேண்டாம். நல்லது என்ன, கெட்டது என்ன, எந்தப் பக்கம், எத்தனாவது விதி. எழுதிக் குடுங்க. நானே பிரிச்சுப் பாத்துக்கறேன்."

"என்னைய நம்பறியா?"

"நம்பல. ஆனா உங்களவிட நல்லாப் படிக்கத் தெரிஞ்சவங்க எனக்கு யாரையும் தெரியாது."

இருபத்தைந்து என்றதுமே பெரியவளுக்குச் சுருக்கென்றது. படிக்கப் படிக்க அந்தச் சுருக்கு தளர்ந்தது. லிங்க்கைத் தொட்ட ஒரே நாளைக்குள் வாங்கினால்தான் கமிஷன். குறிப்பிட்ட தொகை சேரும்வரை காசு கைக்கு வராது. ஆறு மாதத்தில் சேராவிட்டால் சேர்ந்ததும் போச்சு. விதியை எப்போது மாற்றினாலும் சொல்ல மாட்டார்கள். ஒரு வருஷத்துக்கு வேறு கம்பெனிப் பொருளைத் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, சின்னவளின் வீடியோக்களை, அவள் விலகிய பிறகும், கம்பெனி தன் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டிக் காலத்துக்கும் போட்டுக்கொள்ளலாம்.

பெரியவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சியை அவளே கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். வேண்டாம் என்று எழுத இத்தனை ஆசையாக இருக்கிறதே, இது நிஜமாகவே கெட்ட ஒப்பந்தமா, இல்லை என் கண் கெட்டுப்போயிருக்கிறதா? பத்தொன்பது வருஷத்தில் தன் தீர்ப்பின்மேல் அவளுக்குச் சந்தேகம் வந்தது அதுவே முதல் தடவை.

எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, முதலில் நல்லதை மட்டும் தேடினாள். தேடினால் மூன்று கிடைத்தன. சதவீதம் நிஜமாகவே பெரியது. பொருள்களுக்கு ஐந்து வருஷ உத்தரவாதம். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் பெயரோடு இருந்தது. அவற்றை மேலே எழுதினாள். பிறகு கெட்டதை, எண்ணோடும் பக்கத்தோடும், ஒரு அடைமொழி கூடச் சேர்க்காமல் எழுதினாள். சேரலாமா வேண்டாமா என்கிற இடத்தைக் காலியாக விட்டாள்.

சின்னவள் அதை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணாகத் தாள்களில் தேடி விரல் வைத்துப் பார்த்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. பெரியவள் எதிரே கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை மாதிரி இருந்தாள்.

"வீடியோவக் காலத்துக்கும் வச்சுக்குவானா? நான் கால்ல ஸ்பேனர் போட்டுக்கிட்டதையுமா?"

"அதத்தான் முதல்ல போடுவான்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்து முடித்ததும் முகத்தை மறுபடி இறுக்கமாக வைத்துக்கொண்டு தாள்களை அடுக்கி எடுத்துப் போனாள். இரண்டு விதிகளை மாற்றுவீர்களா என்று கம்பெனிக்கு எழுதினாள். முடியாது என்று பதில் வந்தது. விட்டுவிட்டாள்.

கொடியில் விழுந்த இடைவெளி தீர அதற்கப்புறமும் நாளானது. பழைய மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லமுடியாது. "நீங்க சொன்னா சரி" என்று சின்னவள் பிறகு ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் தெரிந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள். தையல் வீடியோ போடுகிற ஒரு டீச்சர், சைக்கிள் பழுதுபார்க்கிற ஒருவர் என்று தங்கள் ஒப்பந்தங்களோடு ஒவ்வொருவராகப் பெரியவளிடம் வர ஆரம்பித்தார்கள். அவர்களுடையதைப் படிக்கும்போது அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அரைமணியில் முடித்துக் கொடுத்துவிடுவாள்.

மாடியிலிருந்து வருவதற்கு மட்டும் ஒரு நாள் முழுக்கப் பிடிக்கிறது. போன வாரம் ஒன்று வந்தது. பெயிண்ட் கம்பெனி, பதினெட்டு சதவீதம், தொண்ணூறு நாள் கெடு. நான்கு தடவை படித்துவிட்டாள், ஓட்டை கிடைக்கவில்லை. பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாளை இழுத்து, நல்லது என்று தலைப்புப் போட்டு, ஒன்று என்று எண் இட்டாள்.