நாலு கிளாஸிலும் எலுமிச்சை

“இல்ல, ஐஸை முதல்லயே போடக்கூடாது. போட்டா மாம்பழம் தண்ணியாப் போயிடும். கடைசியிலதான்,” என்றார் கலக்கலார்.

யாரும் கேட்கவில்லை. அடுக்களையில் அவரும் அவர் மனைவியும்தான் இருந்தார்கள். மனைவி குழந்தைத் துணிகளை வாளியில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருடம் ஓட்டல் பாரில் நின்று, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் பதில் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. ஓட்டலில் பானம் கலக்கிறவர் என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பேர். களைத்துப்போனால் இன்னும் கூடப் பேசுவார். அன்று ஏகக் களைப்பு. முந்தின நாள் ஒரு கம்பெனி விருந்து. பதினாலு மணி நேரம் நின்றிருந்தார். வீங்கிய கால் காலையில் செருப்புக்குள் நுழையவில்லை. அதனால் பிறந்ததிலிருந்து முதல்தடவையாக ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு பானம் கலந்துகொண்டிருந்தார்.

மாடி வீட்டு டீச்சர் கொடுத்த மாம்பழம் ஒரு பை இருந்தது. தோல் சுருங்கி, காம்புப் பக்கம் கறுத்து, இன்னும் ஒரு நாள் விட்டால் ஈக்குத்தான். இது தெரிந்ததுபோல பத்து மணிக்குச் சம்பந்தி வந்து நின்றார். பேத்தியைப் பார்க்க வந்த மனுஷர் ஒரு கையில் கிலுகிலுப்பை, இன்னொரு கையில் ரம் பாட்டில். வீட்டில் இருக்கிறதைப் போட்டு ஏதாவது கலக்குங்கள், ஊரெல்லாம் குடிக்கிறது, உறவுக்காரன் நான் ஒருநாள் குடிக்கக்கூடாதா என்றார். மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்று சிரித்தார்.

இன்று முடியாது என்று சொல்லத்தான் கலக்கலார் வாயெடுத்தார். அப்போதுதான் உள் அறையிலிருந்து மகளின் குரல் வந்தது.

“அப்பா, எனக்கும் ஒண்ணு போடுங்க. சரக்கில்லாம.”

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

நிற்கக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் வேலை முடிந்ததும் பாட்டில்களில் மிஞ்சுவதெல்லாம் அவர் வயிற்றுக்குள் போகும். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து மகளை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் வருகிறேன் என்று அவள் எத்தனையோ சொன்னாள். “எனக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத் தெரியும்,” என்றார். திருப்பத்தில் விழுந்தார்கள். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இடது முழங்கையில் ஒன்பது தையல். அன்றோடு குடியை விட்டார். பதினோரு வருடம் ஆகிறது. நாள் முழுக்க அதன் நடுவிலேயே நிற்கிறார், நாக்கில் ஒரு சொட்டு பட்டதில்லை. அவர் விட்டதைத் தெரு நம்பியது, முதலாளி நம்பினார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் டீ போட்டுக் கொடுத்தால்கூட, “இப்பதான்பா குடிச்சேன்” என்பாள். ஒரு தடவை இல்லை, பதினோரு வருடமும் இப்போதுதான் குடித்திருப்பாள்.

அப்படிப்பட்டவள் இன்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். கால் கிடக்கிறது கால் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பழத்தைக் கையாலேயே பிசைந்து, நார் போக வடிகட்டினார். சர்க்கரையைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்தார். இஞ்சியைத் தட்டிப் பிழிந்தார். சிட்டிகை உப்பு, அரை மூடி எலுமிச்சை. இதற்கென்று எதுவும் கடையில் வாங்கவில்லை. இதெல்லாம் எழுதிவைத்துச் செய்கிறவர் இல்லை அவர். அஞ்சாவதோடு படிப்பு நின்றுபோய், கிளாஸ் கழுவ ஓட்டலுக்குள் நுழைந்தவர். பாட்டிலில் ஒட்டியிருந்த எழுத்து வாசிக்க வரவில்லை. பாட்டிலின் கழுத்தையும் தோளையும் வைத்துத்தான் இது இன்னது என்று கற்றுக்கொண்டார். இன்றைக்கும் அப்படித்தான்.

நாலு கிளாஸ். சம்பந்திக்கும் மாப்பிள்ளைக்கும் ரம் விட்டது இரண்டு. மகளுக்கும் மனைவிக்கும் விடாதது இரண்டு. நாலும் ஒரே மஞ்சள். பாரில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். சரக்கு விட்ட கிளாஸின் விளிம்பில் எலுமிச்சை வில்லை, விடாததில் புதினா இலை. அதே மாதிரி இங்கேயும் வைத்தார். வைத்து முடிக்கவும் உள்ளே குழந்தை அழவும் சரியாக இருந்தது.

குழந்தை பிறந்து இருபத்துமூன்று நாள். பன்னு மாதிரிக் கன்னம், எந்நேரமும் யாரையோ குத்தப்போவதுபோல மூடிய கை. அழுதால் வீடே எழுந்து நிற்க வேண்டும். அதனால் தாத்தா அதற்கு ‘முதலாளியம்மா’ என்று பேர் வைத்திருந்தார். வீங்கிய காலோடு ஓடினார். தோளில் போட்டுத் தட்டினார். முதலாளியம்மா ஒரு கொட்டாவி விட்டு, சட்டைக் காலரை வாயில் கவ்விக்கொண்டு அடங்கினாள். ஐந்து நிமிஷம் இருக்கும்.

திரும்பி வந்தபோது தட்டில் நாலு கிளாஸும் வட்டமாக நின்றன. நாலிலும் எலுமிச்சை, நாலிலும் புதினா. கலந்த பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தியாகிவிட்டது.

மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ஒண்ணுல இருந்தா ஒண்ணுல இல்ல. நீங்கதான சொல்லுவீங்க, மொட்டையா குடுத்தா மருந்து குடுக்கிற மாதிரி இருக்கும்னு. அதான் எல்லாத்துக்கும் வெச்சுட்டேன்.”

சொன்னது அவர்தான். வீட்டில் தண்ணீர் கொடுத்தாலே அவர் அந்தப் பேச்சைப் பேசுவார். அவளைக் கோபித்துக்கொள்ள வழியில்லை. விஷயம் புரிந்ததும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு வாளிப் பக்கமே உட்கார்ந்துவிட்டாள்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று, மாப்பிள்ளையோடு அடுக்களைக்குள் வந்த சம்பந்தி ஸ்பூனை எடுத்தார். முதல் கிளாஸில் ஒரு ஸ்பூன் குடித்து, சரக்குதான் என்றார். இரண்டாவதும் சரக்குதான் என்றார். மூன்றும் நாலும் அதைவிட நல்ல சரக்கு என்றார். இஞ்சிக் காரம் தொண்டையில் பிடித்ததெல்லாம் அவருக்கு ரம்.

“நீங்களே ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க சம்பந்தி. முப்பது வருஷ நாக்கு. ஒரு சொட்டுல என்ன ஆயிடப்போகுது?”

கதவோரம் மகள் வந்து நின்றிருந்தாள், தோளில் துண்டு, குழந்தை அதன்மேல். அப்பாவின் வாயைத்தான் பார்த்தாள்.

அவர் ஸ்பூனை வாங்கவில்லை. ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்தார். ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவிக்கொண்டார். இரண்டு கிளாஸில் மாம்பழம் மட்டும்தான். மற்ற இரண்டில் மாம்பழம் போனபின்னும் ஒன்று மிஞ்சி நின்றது. தினமும் மூக்கில் ஏறுகிற வாசனைதான். அவருடைய சொந்தக் கையிலிருந்து ஏறிப் பதினோரு வருடம் ஆயிற்று. அதற்கு மட்டும் அவர் இரண்டு தடவை சோப்புப் போட்டார்.

“இதும் இதும் சரக்கு. அந்த ரெண்டும் வெறும் பழம்.”

மாப்பிள்ளை வெறும் பழத்தில் ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினார். அவளும் வாங்கக் கையைத் தூக்கினாள். முழங்கைத் தழும்பு தெரிந்தது.

“நிச்சயமாத் தெரியுமாப்பா?”

எனக்குத் தெரியும் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தெரியவும் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே வார்த்தை. அவர் அந்த வார்த்தையை விழுங்கினார். மாப்பிள்ளை கையிலிருந்த கிளாஸை வாங்கி, நாலையும் தட்டோடு தூக்கிச் சம்பந்தி முன்னால் வைத்துவிட்டார். சம்பந்திக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இந்த மாதிரித் தப்பு வாரம் ஒன்று நடக்கட்டும் என்றார்.

பையில் ஒரே ஒரு பழம் மிச்சம், அதுவும் ஒரு பக்கம் அழுகியது. உட்கார்ந்தால் திரும்ப எழுந்திருக்க முடியாது என்று நின்றுகொண்டே நல்ல பக்கத்தைச் சீவினார். ஒரு காலில் பாரத்தைப் போட்டு, பிறகு மறு காலில் போட்டு, மகள் பார்க்கப் பார்க்கப் பிசைந்து, வடிகட்டி, புதுக் கிளாஸில் ஊற்றினார். முக்கால் கிளாஸ்தான் வந்தது. ஐஸ் போடவில்லை, எலுமிச்சையும் வைக்கவில்லை. மொட்டையாகவே நீட்டினார்.

அவள் வாங்கினாள். வாயருகே கொண்டுபோய், குடிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு நன்றாக முகர்ந்து பார்த்தாள். சம்பந்திக்கு மனசு கேட்கவில்லை. கண் முன்னால் செய்து கொடுத்த அப்பாவையே நம்பமாட்டாயா அம்மா என்று கேட்டேவிட்டார்.

கலக்கலார் அப்போதுதான் ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். கால்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னார்:

“மோந்து பாக்கட்டும் விடுங்க சம்பந்தி. பச்சப் புள்ளைக்குப் பால் குடுக்கிறவ. நாளைக்கு நான் தண்ணி குடுத்தாலும் மோந்து பாத்துதான் குடிக்கணும். நீ மெதுவாக் குடிம்மா, ஒண்ணும் அவசரமில்ல.”